கோதுமைக் குழாயில் மோர் வாடை

சார், மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்க வேணாம். நான் குடிச்சிட்டு ஏறல. என் புள்ளைங்க மேல சத்தியமா ஒரு சொட்டு தொடல. அது பையில இருந்து வர்ற வாடை. உள்ள யூனிஃபார்ம் இருக்குது. பார்லியை வெந்நீர்ல ஊற வச்சு வடிகட்டறப்ப ஒரு ஆவி வரும், அது துணியில ஏறிச்சுன்னா ஏறினதுதான். என் வீட்டுக்காரி அந்தச் சட்டையை மட்டும் தனி வாளியில போட்டுத்தான் துவைப்பா. பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்க எல்லாருமே முதல்ல உங்கள மாதிரிதான் பாப்பாங்க. எனக்குப் பழகிப் போச்சு.

பெங்களூருதான் போறேன். அஞ்சு மணிக்கு ட்யூட்டி. நீங்களும் அங்கதானா? நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆச்சு. இன்னிக்கு எனக்கு சும்மா உக்காந்துக்கினு வர முடியாது சார். சும்மா உக்காந்தா மனசு என்னென்னமோ பண்ணுது.

என்ன வேலைன்னா, சொன்னா சிரிப்பீங்க. பீரைப் பத்தி விளக்கிச் சொல்ற வேலை. அங்கயே காய்ச்சி அங்கயே ஊத்திக் குடுக்கிற கடைங்க பெங்களூர்ல எத்தனையோ இருக்குது. கண்ணாடிக்கு அந்தாண்ட ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு எவர்சில்வர் டேங்கு நிக்கும். அதுமாதிரி ஒரு கடை. வர்றவங்க முன்னாடி ஆறு சின்ன கிளாஸ்ல ஆறு வகை ஊத்தி வச்சு, இது இன்னது, இதுல இன்ன வாசனை வரும்னு சொல்லணும். சட்டையில 'குணசீலன்'னு ஒரு பேட்ஜ் குத்தியிருப்பாங்க. பேருக்குக் கீழ இங்கிலீஷ்ல ஒரு பட்டமும் இருக்கும். அந்தப் பட்டத்தைப் பத்தித்தான்... சரி, அது அப்புறம்.

சிரிக்கிறீங்க பாத்தீங்களா. நானும் சிரிச்சவன்தான். நம்ம பக்கம் பீருன்னா ரெண்டே வகை. ஸ்ட்ராங்கு, லைட்டு. மூணாவதா ஒண்ணு உண்டு, கூலிங் இல்லாதது. பர்கூர்ல இருந்து வேலைக்குப் போனப்ப எனக்கும் அவ்வளவுதான் தெரியும். ஆனா அது ஒரு கடல் சார். அடியில போனா ரெண்டே குடும்பம். ஏல், லாகர். இட்லி மாவு இருக்குதில்ல? சித்திரை வெயில்ல ஆட்டி வச்சா விடியறதுக்குள்ள பொங்கி மூடியைத் தள்ளும். ஏல் அந்த மாதிரி. சூட்டுல, மேலாக்கப் பொங்கும், நாலஞ்சு நாள்ல வேலை முடிஞ்சிடும், வாசனையை அள்ளிக் கொட்டும். லாகர் மார்கழி மாவு. குளிர்ல, அடியில படிஞ்சு, மாசக் கணக்குல மெதுவா வேலை செய்யும். தண்ணி மாதிரி தெளிவா நிக்கும். நம்ம கடைங்கள்ல விக்கிற ஸ்ட்ராங்கு, லைட்டு ரெண்டுமே பெரும்பாலும் லாகர்தான். இத்தனை வருஷமா ஒரே குடும்பத்துல ரெண்டு பேரைப் பாத்துட்டு ஊரையே பாத்துட்டோம்னு நினைச்சுக்கினு இருந்திருக்கோம்.

இதெல்லாம் இப்ப சொல்றேன். ஆரம்பத்துல எனக்கு ஒரு எழவும் புரியல. புத்தகம் குடுத்தாங்க. கோதுமை பீர்ல வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும்னு போட்டிருந்துச்சு. மோந்து மோந்து பாத்தேன். பீர் வாடைதான் வந்துச்சு. எனக்குச் சைனஸ் வேற. ஆறு கிளாஸையும் வரிசையா மோந்துட்டு முழிச்சுக்கினு நிப்பேன்.

அப்பதான் தவமணி.

கிளாஸ் கழுவுற இடத்துல இருந்தவ. காவேரிப்பட்டணம். என்னைவிட ஆறேழு வயசு சின்னவ, புருஷன் செத்துட்டான், ஒரே பொண்ணை அக்கா வீட்டுல விட்டுட்டு அங்க வந்து வேலை செஞ்சா. நம்ம ஜில்லான்னு தெரிஞ்சதும் என்னை அண்ணான்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டா. அவ ஒரு சொட்டு குடிச்சதில்ல. நாக்குல வச்சதே இல்ல. ஒரு நாள் மத்தியானம் நான் கோதுமை பீரை வச்சுக்கினு மல்லுக்கட்டறதைப் பாத்துட்டு, கையைத் துடைச்சுக்கினு வந்து, கிளாஸை வாங்கி ஒரே ஒரு தரம் மோந்தா. "என்னண்ணா, பூவன்பழம் கனிஞ்சு கறுக்கிறப்ப ஒரு வாசனை வருமே, அதுதானே இது? கூடவே பிரியாணிக்குத் தாளிக்கிற கிராம்பு" அப்படின்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. திரும்ப மோந்தேன். அட, ஆமா! அவ சொன்ன பிறகு எனக்கும் வந்துச்சு சார்.

அதுல இருந்து தினம் அவதான். கறுப்பா இருக்கிற ஸ்டவுட்டை மோந்துட்டு, "காப்பிக் கொட்டையைக் கொஞ்சம் தீய விட்டுட்டாங்கண்ணா"ன்னா. ஐ.பி.ஏ.ன்னு ஒண்ணு, ஹாப்ஸ்ங்கிற பூவை நிறையப் போட்டு கசப்பாக் காய்ச்சறது. அதை மோந்துட்டு, "நார்த்தங்காய்த் தோலை நகத்தால கீறுனா தெறிக்குமே, அது" அப்படின்னா. பில்ஸ்னர்ங்கிற லாகரை "காயாத வைக்கோல்"னு சொன்னா. நான் எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்குவேன். அவ தமிழ்ல சொல்றது, அதுக்கு நேரா புத்தகத்துல இருக்கிற இங்கிலீஷ் வார்த்தை. டேபிள்ல போய் அந்த இங்கிலீஷைச் சொல்வேன்.

ஒரு பரீட்சை இருக்குது சார், கம்ப்யூட்டர்ல எழுதறது. அதுல பாஸ் பண்ணினா அந்தப் பட்டம். அதோட எங்க முதலாளி தன் பங்குக்கு ஒரு சோதனை வச்சாரு. எல்லாரும் பாக்க என் கண்ணைக் கட்டி, ஆறு கிளாஸ் மோந்து சொல்லணும். முந்தின நாள் மத்தியானம் தவமணி என்னை உக்கார வச்சு, தன் துப்பட்டாவால கண்ணைக் கட்டி, பதினஞ்சு தரம் மாத்தி மாத்திக் குடுத்துப் பழக்கினா. மறுநாள் ஆறுக்கு ஆறு. முதலாளி கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. "எப்படிய்யா இந்த மூக்கு வந்துச்சு உனக்கு?"ன்னாரு. தவமணி கிளாஸ் டிரேயோட பின்னாடி நிக்கிறா. டிரேயைக் கீழ வச்சிட்டு, ஈரக் கையாலயே கை தட்டுறா. அப்ப சொல்லியிருக்கலாம், சார் இவங்கதான் சொல்லிக் குடுத்தாங்கன்னு. சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள போட்டோ எடுக்கக் கூப்பிட்டுட்டாங்க. நான் என்ன பண்றது?

இல்ல சார், அது பெரிய விஷயமில்ல. அதை அவளும் பெரிசா எடுத்துக்கல. நான் சொல்ல வந்தது வேற.

எங்க பீர் காய்ச்சறவரு ஜோபி. கோட்டயத்துக்காரரு. வேலையில புலி. அவங்கப்பாவுக்கு ஆபரேஷன்னு ஒன்றரை மாசம் லீவுல போனாரு. டேங்குல பீர் எல்லாம் ரெடியா இருக்குது, ஊத்திக் குடுக்க வேண்டியதுதான். போறப்ப என்கிட்ட ஒரே ஒரு வேலை சொன்னாரு. "குணா, பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா குழாய் எல்லாத்தையும் மருந்து விட்டுக் கழுவணும். மறக்கருது கேட்டோ"ன்னாரு, மறந்துடாதன்னு. டேங்குல இருந்து கவுண்டருக்கு வர்ற டியூப் இருக்குதில்ல, அதுக்குள்ள பாசி மாதிரி பிடிச்சுக்கும். கழுவலேன்னா அந்த வழியா வர்ற பீர் புளிச்சுப் போகும். எனக்கு நல்லாத் தெரியும். புத்தகத்துலயே ஒரு அதிகாரம் இருக்குது.

முதல் பதினஞ்சு நாள் வந்துச்சு. பரீட்சை அந்த வாரம். மருந்து விட்டு, அரை மணி நேரம் ஊற வச்சு, தண்ணி விட்டு அலசி, ஆறு குழாயையும் கழட்டி மாட்டணும். மூணு மணி நேர வேலை. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். ரெண்டாவது தரம் பேட்ஜ் வந்த வாரம். எல்லா டேபிள்லயும் என்னையே கூப்பிடறாங்க. விட்டேன். பாருங்க சார், பீரைப் பத்திப் படிக்கிறதுல பீரை விட்டுட்டேன்.

அந்தச் சமயத்துலதான் தவமணி ஒரு காலையில வந்தா. டிரேயில கிடந்த ஒரு கிளாஸைக் கையில வச்சிருந்தா. "அண்ணா, அந்தக் கோதுமைக் குழாய்ல பழைய மோர் வாடை வருதுண்ணா. மூணு நாளாப் பாக்கறேன். திரும்பி வர்ற கிளாஸ்ல எல்லாம் அடியில நிக்குது" அப்படின்னா.

மோந்தேன். எனக்கும் லேசா வந்துச்சு. வந்துச்சு சார், வரலேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் அப்பதான் பரீட்சை எழுதி முடிச்ச ஆளு. தலை நிறைய வகைங்க. புளிப்பு பீருன்னே ஒரு வகை இருக்குது, தெரியுமா? சவர்னு சொல்வாங்க. தயிருக்கு உறை குத்தற மாதிரி, வேணும்னே புளிக்க விடுவாங்க. வெளிநாட்டுல அதுக்கு ஏக மவுசு. அவகிட்ட கால் மணி நேரம் வகுப்பு எடுத்தேன். புளிப்புன்னா கெட்டுப்போனதுன்னு நினைக்கிறது நம்ம அறியாமை, அதுவும் ஒரு ஸ்டைலுன்னு சொன்னேன். வாயைப் பொளந்துக்கினு கேட்டா. "அப்படியாண்ணா? எனக்கென்ன தெரியும், மூக்குல பட்டதைச் சொன்னேன்"னு கிளாஸை எடுத்துக்கினு போயிட்டா.

அப்ப நான் நிஜமாவே அப்படி நினைச்சேனா, இல்ல குழாய் கழுவாதது உறுத்துச்சா? இதை எத்தனையோ தரம் யோசிச்சுட்டேன் சார். ரெண்டும்தான். இந்தத் தொழில்ல ஒரு வசதி என்னன்னா, எந்தக் குத்தத்துக்கும் எங்கயோ ஒரு ஊர்ல ஒரு ஸ்டைல் இருக்கும். கலங்கி இருக்குதா, அது ஒரு ஸ்டைலு. புகை வாடையா, அதுக்கும் ஒரு ஊரு இருக்குது. டேபிள்ல யாராச்சும் முகத்தைச் சுளிச்சா, "லேசான புளிப்பு சார், கோடைக்கு ஸ்பெஷல்"னு சொல்வேன். பேட்ஜைப் பாத்துட்டு அவங்களும் தலையாட்டிக்கினு குடிச்சிடுவாங்க. நாலு நாள் அப்படியே ஓடுச்சு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு கம்பெனிக்காரங்க, இருபது பேரு வந்தாங்க. அதுல ஒருத்தரு ஜெர்மனியில எட்டு வருஷம் இருந்தவராம். கோதுமை பீரை வாயில வச்சவரு வச்ச வேகத்துல கீழ வச்சிட்டாரு. நான் ஓடிப் போய், "சவர் ஸ்டைல் சார்" அப்படின்னேன். அந்தாளு மெனு அட்டையை எடுத்து நீட்டினாரு. "இதுல கோதுமை பீருன்னுதானே போட்டிருக்கு? இது ஸ்டைல் இல்லப்பா, இது கெட்டுப் போனது"ன்னாரு. இங்கிலீஷ்ல, சத்தமா. இருபது பேரும் கிளாஸைக் கீழ வச்சிட்டாங்க. முதலாளி வந்துட்டாரு. கிளாஸை மோந்தாரு. முகம் சிவந்துருச்சு. என்னைப் பாத்து, "என்ன குணா இது?"

சார், அந்த ஒரு நிமிஷம் இருக்குது பாருங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். என் வாயில இருந்து தானா வந்துச்சு. "பீர் சரியாத்தான் சார் இருக்கு. கிளாஸ்ல வாடை. கிச்சன்ல தயிர் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுல கழுவியிருக்காங்க."

இது எவ்வளவு பெரிய பொய்யின்னு உங்களுக்குப் புரியாது. பீர் கிளாஸுக்குத் தனி ஸ்பாஞ்சு, அது நீல ஸ்பாஞ்சு. எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் நுரை நிக்காது. அதனால துணியால துடைக்கக் கூடாது, கவுத்து வச்சுக் காத்துலதான் காயணும். தவமணி அந்த நீல ஸ்பாஞ்சை யாரையும் தொட விடமாட்டா. ஒரு தரம் தலைமைக் குக்கு அதை எடுத்து அடுப்பைத் துடைச்சுட்டான்னு அவனை ஒரு வாரம் வார்த்தையால வாட்டி எடுத்தா. கழுவின கிளாஸை ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, மோந்து பாத்துத்தான் அடுக்குவா. இருநூறு கிளாஸ்னா இருநூறையும்.

முதலாளி அவளைக் கூப்பிட்டாரு. கையில சோப்பு நுரையோட ஓடி வந்தா. இருபது பேரு பாக்கறாங்க. கிளாஸை நீட்டி, "இதை எதால கழுவின?"ன்னாரு. அவ வாங்கி மோந்தா. "நீல ஸ்பாஞ்சுதாங்க சார். கிளாஸ்ல வாடை இல்லீங்க, இது..." அப்படின்னுட்டு என்னைப் பாத்தா. இது குழாய் வாடைங்கன்னு சொல்ல வந்துட்டு, நான் எடுத்த வகுப்பு ஞாபகம் வந்து நிறுத்திட்டா. நான் சொல்வேன்னு பாத்தா சார். நான் அவளைக் காப்பாத்தப் போறேன்னு நினைச்சுக்கினு பாத்தா.

முதலாளி கேட்டாரு, "அவனுக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா? அவன் பரீட்சை எழுதினவன். குணா, நீ சொல்லு."

"தயிர் வாடைதான் சார்"னு சொன்னேன்.

அவ கிளாஸை இன்னொரு தரம் மோந்தா. அப்புறம் தன் கையை மோந்தா. இதுதான் சார் எனக்கு மறக்க மாட்டேங்குது. கையைத் திருப்பித் திருப்பி மோந்துட்டு உள்ள போயிட்டா. மறுநாள் வர வேணாம்னு சொல்லிட்டாங்க.

திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கே போயி குழாயைக் கழுவினேன். கோதுமைக் குழாயில மருந்து விட்டுத் திறந்ததும், பழுப்பா, வழவழன்னு, சளி மாதிரி வந்து பக்கெட்டுல விழுந்துச்சு. யாரும் வர்றதுக்கு முன்னாடி ஊத்திட்டேன். மத்தியானம் முதலாளி அதே பீரை ஊத்தச் சொல்லி மோந்து பாத்தாரு. மணமா இருந்துச்சு, வாழைப்பழம், கிராம்பு எல்லாம். "பாத்தியா குணா, அவ போன மறுநாளே வாடை போச்சு. நீ மட்டும் கண்டுபிடிக்கலேன்னா கடை மானம் போயிருக்கும்"னு தோள்ல தட்டினாரு. பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்னு சொல்வாங்களே, அதுக்கு நான்தான் சாட்சி.

ஒரு வருஷம் ஆச்சு சார். அதுக்கப்புறம் ஒரு வேடிக்கை. ஜோபி இந்த வருஷம் நிஜமாவே ஒரு சவர் பீர் காய்ச்சிட்டாரு. முறையா, சுத்தமா. அது நல்லா ஓடுது. ஒவ்வொரு டேபிள்லயும் நான் நின்னுக்கினு, "இது கெட்டுப் போனது இல்ல சார், இதுதான் ஸ்டைல்"னு சொல்லணும். ஒரு நாளைக்கு முப்பது தரம். அடுத்த மாசம் புது கிளை திறக்கறாங்க, அதுக்கு என்னைத்தான் பயிற்சி குடுக்கிற ஆளாப் போட்டிருக்காங்க. சம்பளமும் கூட. வீட்டுக்காரிக்கு ஒரே சந்தோஷம்.

போன வாரம் தவமணி போன் பண்ணினா. பொங்கலுக்குப் பண்ணுவா, தீவாளிக்குப் பண்ணுவா, இது ரெண்டுமில்லாத நாளு. "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். போன்ல வேணாம், இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க"ன்னா. அவ்வளவுதான், எனக்கு ஒரு வாரமாச் சோறு இறங்கல. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. தெரிஞ்சு போச்சு, ஜோபி ஏதோ சொல்லிட்டாருன்னே நினைச்சேன். இன்னிக்கு லீவு கேட்டேன், கிடைக்கல. சரி, காலையில பெங்களூர்ல முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டு மத்தியானம் திரும்பிடலாம்னு கிளம்பிட்டேன். வர்றப்ப வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கினே வந்தேன். "தவமணி, கிளாஸ்ல ஒண்ணுமில்ல, குழாய்ல. அதைக் கழுவாதவன் நான்தான்." இவ்வளவுதானே? நாலு வார்த்தை. ஓசூர்ல இருந்து காவேரிப்பட்டணம் வரைக்கும் நூறு தரம் சொல்லிப் பாத்திருப்பேன்.

போனா, அவளுக்கு ஒண்ணுமே தெரியல சார். நாற்காலி போட்டு உக்கார வச்சா. புள்ளைங்க எப்படி, அண்ணி எப்படின்னு கேட்டா. கை பாத்தேன், மாம்பழப் பால் பட்டுப் பட்டு விரல் எல்லாம் வெடிச்சிருந்துச்சு. அங்க மாங்கூழ் ஃபேக்டரியில வேலை செய்யறா. சீசன் வேலை. பெல்ட்டுல வர்ற பழத்துல அழுகலைப் பொறுக்கிப் போடறது. சீசன் முடிஞ்சா வீட்டுல உக்காரணும்.

அப்புறம் விஷயத்தைச் சொன்னா. அங்க சூப்பர்வைசரம்மா இவளைக் கவனிச்சுக்கினே இருந்திருக்காங்க. பழம் மேல பாக்க நல்லா இருக்கும், உள்ளுக்குள்ள புளிச்சிருக்கும். மத்தவங்க அறுத்துப் பாத்துத்தான் சொல்வாங்க, இவ தூரத்துல வர்றப்பவே எடுத்துப் போட்டுடறாளாம். அதனால தரம் பாக்கிற ரூமுக்கு வர்றியான்னு கேட்டிருக்காங்க. ஒவ்வொரு டேங்குக் கூழையும் டின்ல அடைக்கிறதுக்கு முன்னாடி மோந்து பாத்து, ஆகும், ஆகாதுன்னு சொல்ற வேலை. வருஷம் பூரா வேலை. நிக்க வேணாம், உக்காந்து செய்யலாம். பொண்ணை அக்கா வீட்டுல இருந்து கூட்டிக்கலாம்.

"ஒத்துக்கலாமில்ல?"ன்னு கேட்டேன்.

"அதுக்குத்தாண்ணா உங்களைக் கூப்பிட்டேன்"னா. "எனக்குப் பயமா இருக்குது. ஆகும்னு நான் சொல்லி அது கெட்டுப் போனதா இருந்தா ஒரு டேங்கே வீணு. அன்னைக்கு உங்க கடையில, எனக்கு அது குழாய் வாடைன்னுதான் தோணுச்சு. சத்தியம் பண்ணுவேன், அவ்வளவு நிச்சயமா இருந்துச்சு. ஆனா நீங்க கிளாஸ்தான்னீங்க. நீங்க படிச்சவங்க, எனக்காக எவ்வளவோ பண்ணியிருக்கீங்க, பொய்யா சொல்வீங்க? அப்ப என் மூக்குதான் என்னை ஏமாத்தியிருக்குதுன்னு விட்டுட்டேன். இப்ப இந்த வேலை வந்திருக்குது. அதனால ஒரே ஒரு தரம் யோசிச்சுச் சொல்லுங்கண்ணா. அது கிளாஸா, குழாயா? குழாய்னா நான் தைரியமா ஒத்துக்கறேன்."

தொண்டை வரைக்கும் வந்துச்சு சார். அந்த நாலு வார்த்தையும் வந்துச்சு. 'குழா'ன்னு வாயைக்கூடத் திறந்துட்டேன்னு நினைக்கறேன். அதுக்குள்ள அவ, "குழாய்தான்னா, ஒரு நடை பெங்களூரு வந்து, அந்த முதலாளி முன்னாடி நின்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வருவேண்ணா. இருபது பேரு முன்னாடி கேட்டாரில்ல? நீங்க எனக்குச் சாட்சி சொல்லுங்க" அப்படின்னா.

எனக்குப் புது கிளை கண்ணு முன்னாடி வந்துச்சு. முதலாளி, ஜோபி, பேட்ஜு, வீட்டுக்காரி, எல்லாம் வந்துச்சு.

"கிளாஸ்தான் தவமணி. லேசாத்தான். பெரிசா ஒண்ணுமில்ல"ன்னேன்.

அவ பெருமூச்சு விட்டுட்டு சிரிச்சா சார். "நல்லவேளை கேட்டேண்ணா. ஒரு வருஷமா அந்த மனுஷன் மேல உள்ளுக்குள்ள கறுவிக்கினே இருந்தேன், பாவம். நாளைக்கு சூப்பர்வைசரம்மாகிட்ட வேணாம்னு சொல்லிடறேன். பெல்ட்டே போதும் எனக்கு" அப்படின்னா. அப்புறம் இலை போட்டா. சாம்பாரு, முட்டைப் பொரியல். சாப்பிட்டேன் சார். அதையும் மறைக்கல உங்ககிட்ட. ரெண்டாவது தரம் சோறு கூட வாங்கிக்கிட்டேன். வேணாம்னா அவ மனசு கஷ்டப்படுமேன்னு வாங்கிக்கிட்டேன்.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? நான் ஒண்ணும் அவ கெடணும்னு சொல்லல. ஒருவேளை அந்த ரூம் வேலை அவளுக்குச் சரிப்படாம போயிருந்தா? பொறுப்பான வேலை சார் அது. டென்ஷன். பெல்ட்டுல நாலு பேரோட பேசிக்கினு, சிரிச்சுக்கினு... சரி, விடுங்க. நானே சொல்லிக்கிறேன், அது சமாதானம். எனக்கே தெரியுது.

போன் பண்ணவா? இப்பவா?

நீங்க சொல்றது சரிதான். நாளைக்குத்தானே சொல்லப் போறா. இன்னிக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சது. நம்பர் இருக்குது, இதோ. பண்ணறேன் சார், பண்ண மாட்டேன்னு சொல்லல. இந்தச் சத்தத்துல எப்படிப் பேசறது? ஓசூர் தாண்டட்டும். அத்திப்பள்ளி டோல்கிட்ட எப்படியும் அரை மணி நேரம் வண்டி நிக்கும். அப்ப நிம்மதியாப் பேசிடறேன். நீங்க பக்கத்துலயே இருங்க. நீங்க இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும். "தவமணி, கிளாஸ்ல ஒண்ணுமில்ல..." அதுதான் முதல் வார்த்தை. அதை ஆரம்பிச்சிட்டா மத்தது தானா வந்துரும்.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

சொல்லு தவமணி... ம், ஏறிட்டேன், ஓசூர் வரப்போகுது... சாப்பாடா, நல்லா இருந்துச்சும்மா... என்னது?... யார்கிட்ட?... நாளைக்குன்னுதானே சொன்ன... ஓ... ரெண்டு மணி ஷிஃப்டுக்குப் போனதுமே கேட்டாங்களா... ம்... வேற ஆளைப் போட்டாச்சா... இல்ல இல்ல, தவமணி, ஒரு நிமிஷம், நான் வந்து... இல்லம்மா, ஒண்ணுமில்ல. வண்டிச் சத்தம். நீ செஞ்சது சரிதான்... எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்... சரி. சரி, வை.

சொல்லிட்டாளாம் சார். வேற ஒரு பொண்ணு இப்பவே அந்த ரூம்ல உக்காந்துட்டாளாம்.

அதைச் சொல்றதுக்குக் கூப்பிடல. பஸ் செலவு பண்ணி வந்து, முகத்துக்கு நேரா உண்மையைச் சொன்னீங்களேண்ணா, ரொம்ப நன்றின்னு சொல்லத்தான் கூப்பிட்டாளாம்.